இன்னொருத்தன் நெஞ்சு

ஞானபாக்கியம் கிரவுண்டுக்குள் காலை வைத்துவிட்டாள் என்றால் ரெஃப்ரி விசிலை வாயில் வைக்கவே தயங்குவார். மில்லில் பகல் ஷிப்டு முடிந்து, தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, டிபன் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே வருவாள். வந்து பாஸ்கட்பால் போஸ்டுக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோட்டில் கால் பெருவிரல் படுகிற மாதிரி நிற்பாள். உட்காரவே மாட்டாள். மே மாச டோர்னமெண்ட் என்றால் ராஜபாளையத்தில் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். கேலரி முழுக்க வேட்டியும் துண்டுமாக இருக்கும். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி, அதுவும் புருஷன் இல்லாதவள், தொண்டை கிழியக் கத்துவாள்.

“ஏலே ரெஃப்ரி! அவன் கையில அடிச்சான்லா? கண்ணை வீட்டுல கழத்தி வச்சிட்டு வந்தியா?”

கேலரியில் சிரிப்பு கிளம்பும். தெலுங்கு பேசுகிற பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, “கோச்சம்மா ஒச்சிந்தி”, கோச்சம்மா வந்துவிட்டாள், என்பார்கள். கோச்சம்மா என்ற பேர் அப்படி வந்ததுதான். கேலியாக வைத்த பேர் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான். ஊரில் எத்தனை பொம்பளைக்கு இப்படி ஒரு பட்டம் கிடைக்கும்?

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மடவார் வளாகத்தில் வீடு, ராஜபாளையத்தில் மில் வேலை. புருஷன் பொன்னுராஜ் அதே மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் பதினாலு வருஷம் தூசியைத் தின்று, இரைத்து இரைத்துச் செத்துப்போனான். அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள், நூலைச் சுற்றிக் கட்டிச் சிட்டம் போடுகிற வேலை. அப்போது மகன் எலியேசருக்கு ஆறு வயது.

சின்னப் பிள்ளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் பாஸ்கட்பால் ஆடியிருக்கிறாள். தோல் பந்து, மழையில் நனைந்தால் கல்லு மாதிரி கனக்கும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுக்கோட்டில் நின்று எறிந்தால் வளையத்துக்குள் விழும். மதுரைக்கு ஆடக் கூட்டிப்போக ஒன்பது பேரை எடுத்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. போக வேண்டிய வாரத்தில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மதுரைக்குப் போன எட்டுப் பேரும் திரும்பி வந்து ரயிலைப் பற்றியும் மெர்க்குரி லைட்டைப் பற்றியும் பேசினதைக் கேட்டுக்கொண்டு இவள் பரிசம் போட்ட சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த எரிச்சல் இருபது வருஷமாகியும் அணையவில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அதனால்தான் எலியேசர் வளர ஆரம்பித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வந்ததும் அவனைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு நேராகக் கரிக்கோடு போடுவாள். பதிமூணு வயசில் ஒரே வருஷத்தில் நாலு விரற்கடை தாண்டியது. பதினாறில் வாசல் நிலை தலையில் இடித்தது. ஆறடி மூணங்குலம்! அவள் வம்சத்திலோ பொன்னுராஜ் வம்சத்திலோ அப்படி ஒரு ஆள் கிடையாது. அவன் விரல்கள் ஒவ்வொன்றும் முருங்கைக்காய். பந்தைக் கவிழ்த்து ஒற்றைக் கையால் கொய்யாப்பழம் மாதிரிப் பிடிப்பான். கர்த்தர் எனக்குக் கடனைத் தீர்த்துவிட்டார் என்று அவள் கோயிலில் கண்ணீர் விட்டாள்.

எலியேசருக்கு ஆட்டத்தின் மேல் வெறுப்பு இல்லை, ஆனால் வெறியும் இல்லை. சாது. அவனுக்கு ரேடியோதான் உயிர். பழைய ரேடியோ எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அந்த நீள விரல்கள் உள்ளே போய் மயிரிழைக் கம்பியைத் தொட்டு எடுக்கும். பத்தாவது முடித்ததும், “அம்மா, ஐ.டி.ஐ.-யில ரேடியோ மெக்கானிக் சேரட்டா?” என்று கேட்டான்.

“ஆமா, இந்த வளத்தியை வச்சிக்கிட்டு ஸ்டூல்ல குனிஞ்சு உக்காந்து ஈயம் பத்த வைக்கப் போறியாக்கும். போலே, போயி பந்தை எடு” என்றாள். அதோடு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மில்லில் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒருதடவை மில் வாசலில் எக்ஸ்ரே வேன் வந்து நிற்கும். லிஸ்டில் பேரைக் கூப்பிடுவார்கள். உள்ளே போய்த் தகரத்தில் நெஞ்சை ஒட்டி மூச்சைப் பிடித்தால் முடிந்தது. நெஞ்சில் தூசி படிந்திருந்தால் வேலைக்கு ஆகாது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் அடுப்பு எரியாது. அதனால் இருமல் உள்ளவர்கள் யாரும் தங்கள் நெஞ்சைக் காட்டுவதே கிடையாது. நல்ல நெஞ்சுள்ள ஆள் ஒருத்தரை அவர்கள் பேரில் உள்ளே அனுப்புவார்கள். கூப்பிடுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை, பேருக்கு ஒரு நெஞ்சு இருந்தால் சரி. பொன்னுராஜ் பேரிலும் வருஷா வருஷம் வேறொருத்தன்தான் நின்றான். அவன் சாகிற வருஷத்து எக்ஸ்ரேயில்கூட நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது.

பெண்கள் பக்கத்தில் நல்ல நெஞ்சு ஞானபாக்கியத்துடையது. சுடலைமாடத்திக்கு அவள்தான் நின்றாள், ஜெயபாய்க்கும் அவள்தான். ஒரு வருஷம் ஒன்பது பேருக்கு ஒன்பது தடவை மூச்சைப் பிடித்தாள். “மதினி, நீ இல்லாட்டி நான் பிள்ளைகளை வச்சிக்கிட்டு எங்க போவேன்” என்று சுடலைமாடத்தி இருமிக்கொண்டே கையைப் பிடித்துக்கொள்வாள். இதில் பாவம் என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. பேப்பர் நன்றாக இருந்தால் சோறு உண்டு. நெஞ்சு எப்படியும் கெடத்தான் போகிறது, யார் தடுக்க முடியும்?

எண்பத்தெட்டாம் வருஷம், எலியேசர் பிளஸ் டூ படிக்கையில், ஒரு காய்ச்சல் வந்தது. ரத வீதியில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கையை நீட்டச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார், மறுபடி குழாயை வைத்தார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மதுரைக்குப் போய் ஒரு மெஷினில் இருதயத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். போய் வந்தார்கள். மதுரைப் பேப்பரைப் படித்துவிட்டு டாக்டர் எலியேசரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

“ஞானபாக்கியம், மகன் உயரத்தைப் பாத்து நீ பூரிச்சுப் போயிருக்கே. எனக்கு அந்த உயரந்தான் பயமா இருக்கு. கை, விரல், நெஞ்சுக்கூடு எல்லாம் ஒரே கோளாறோட அடையாளம். இருதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக் குழாய் புடைச்சிருக்கு. சைக்கிள் டியூப் ஒரு இடத்துல நைஞ்சு போனா அங்க மட்டும் புடைக்கும்லா, அது மாதிரி. படிக்கலாம், உக்காந்து செய்யிற வேலை எதுன்னாலும் செய்யலாம். ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. குதிச்சா ஒருநாள் கிழிஞ்சிரும். கிழிஞ்சா யாரு கையிலயும் இல்லை.”

“மருந்து இல்லையாய்யா?”

“மருந்து தாரேன். பொறவு மெட்ராஸுல ஆபரேசனும் பாக்கலாம். முதல்ல ஆட்டத்தை நிறுத்து. நீ சொல்லுதியா, நான் கூப்பிட்டுச் சொல்லட்டா?”

“நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள்.

வெளியே வந்தபோது எலியேசர் எழுந்து நின்றான். அவன் தலை மின்விசிறிக்குக் கிட்டத்தில் இருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! பதினேழு வருஷம் கரிக்கோடு போட்டு வளர்த்த உயரத்தை ஒருத்தன் நோய் என்று சொல்லிவிட்டான். இந்தப் பிள்ளையா நோயாளி? நாலு படியை ஒரே எட்டில் தாண்டுகிற பிள்ளையா?

“என்னம்மா சொன்னாரு?”

“நெஞ்சுல சளி கட்டியிருக்காம். மாத்திரை எழுதியிருக்காரு, பொறவு சரியாயிரும்.”

அவன் அவளையே செத்த நேரம் பார்த்தான். பிறகு சரி என்றான்.

மறைத்துவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஜூனில் மதுரைக் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து வெளியே வந்தால் பாங்கிலோ ரயில்வேயிலோ விளையாட்டுக்காரனுக்கு வேலை இருக்கிறது. அது முடியட்டும், அப்புறம் சொல்லுவோம் என்றுதான் நினைத்தாள். மதுரை என்ற பேரைக் கேட்டதும் அவளுக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய ரயில் சத்தம் காதில் கேட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

செலக்‌ஷனில் எலியேசர்தான் முதல் பேர். கூட ஆடுகிற சிநேகிதன் கருத்தையாவை எடுக்கவில்லை. அவன் வன்னியம்பட்டிக்காரன், ஐந்தடி எட்டங்குலம். கட்டுமஸ்தான பையன். வயலில் வேலை செய்து செய்து நெஞ்சு பலகை மாதிரி இருக்கும். கல்லூரி கோச் வேதமணி சார், அட்மிஷனுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும் என்று ஃபாரத்தைக் கொடுத்தார்.

ஞானபாக்கியம் ஒரு இமை நேரம்கூட யோசிக்கவில்லை. கை தானாகவே பழகின பாதையில் போயிற்று. கருத்தையாவைக் கூப்பிட்டு, “எய்யா, எலியேசருக்கு நெஞ்சுல சளி. படத்துல வெள்ளையாத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாங்க. அவன் பேர்ல நீ போயி நில்லு” என்றாள். அவன் அப்பாவும் அதே மில்தான். அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. “சரி அத்தை” என்றான்.

எலியேசர் அப்போது முற்றத்தில் ஒரு ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான்.

“சளிக்காகத்தானாம்மா?”

“பின்ன?”

“வேற ஒண்ணும் இல்லையேம்மா?”

“வேற என்னலே இருக்கப் போவுது? வந்துட்டான் வக்கீலு.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள், குனிந்த தலை நிமிரவில்லை. அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, பிள்ளை நம்பிவிட்டான் என்று நிம்மதிப்பட்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு கிளினிக்கில் கருத்தையா எலியேசர் என்று பேர் சொல்லி நெஞ்சைக் கொடுத்தான். டாக்டர் குழாயை வைத்தார், எடுத்தார், ஃபிட் என்று கையெழுத்துப் போட்டார். உயரம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதில் ஞானபாக்கியமே தன் கையெழுத்தில் ஆறடி மூணங்குலம் என்று நிரப்பினாள்.

பிள்ளை மதுரைக்குப் போனான். அவள் லீவு போட்டு, பஸ் ஏறி, ஒரு மேட்ச் விடாமல் போனாள். ஆனால் கோச்சம்மாவுக்கு வாய் எழும்பவில்லை. வேதமணி சார்கூடக் கேட்டார், “என்ன கோச்சம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?” என்று. அவள் போஸ்டுக்குப் பின்னால் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எலியேசர் எம்பும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் திரும்ப வரும். இந்த மேட்ச் மட்டும் ஆண்டவரே என்பாள். அது முடிந்ததும் அடுத்ததற்கும் அதே ஜெபம்தான்.

ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாலும் எலியேசர் அவளிடம் வருவான். முன்பெல்லாம் அப்படி வந்ததில்லை, நேரே உள்ளே ஓடுகிறவன்தான். இப்போது ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் போஸ்டுக்குப் பக்கத்தில் குனிந்து, எழுந்து, அவள் முன்னால் நிற்பான். “போறேம்மா” என்பான். சொல்லிவிட்டும் போகாமல் நிற்பான். காலேஜுக்குப் போனதும் பிள்ளைக்குப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிற குணம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தோளைத் தட்டி, “போலே, போயி ஆடு” என்பாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

முதல் வருஷம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருஷமும் பாதி போயிற்று. கப்பு மேல் கப்பு வந்தது. டாக்டர் சொன்னது பொய் என்று அவளுக்கு மெல்ல மெல்லத் துணிச்சல் வந்தது. ரத வீதியில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் அவரே கூப்பிட்டு, “பையன் எப்படி இருக்கான்? ஆட்டத்தை விட்டுட்டான்லா?” என்று கேட்டார். “விட்டுட்டான் சார், ரேடியோ மெக்கானிக் படிக்கான்” என்றாள். பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

தொண்ணூறாம் வருஷம் மே மாசம், ராஜபாளையம் டோர்னமெண்டுக்கு அந்தக் கல்லூரி டீம் வந்தது. சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன் என்று கேலரியில் ஒரே விசில். எலியேசர் வழக்கம்போல போஸ்டுக்கு வந்தான். கயிறைக் கட்டினான். எழுந்து நின்றான்.

“அம்மா, இப்பல்லாம் நீ கத்துறதே இல்லை.”

“வயசாயிட்டுலே.”

“கத்தும்மா. நீ கத்துனாத்தான் பயம் தெரிய மாட்டேங்கு.”

“என்ன பயம்? நம்ம ஊர்லயா? போலே, போயி ஆடு.”

அவன் போனான். அன்றைக்கு அவன் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவளும் இரண்டு வருஷத்துப் பயத்தை உதறிப்போட்டுவிட்டுக் கத்தினாள். ரெஃப்ரியைத் திட்டினாள், எதிர் டீமின் கோச்சைத் திட்டினாள், கண்ணில் பட்டவனை எல்லாம் திட்டினாள். கோச்சம்மா வந்துவிட்டாள் என்று கேலரி ஆர்ப்பரித்தது. கடைசி இரண்டு நிமிஷம், ஒரு பாயிண்டுதான் வித்தியாசம். பந்து வளையத்தில் பட்டு மேலே போயிற்று. கீழே நாலு பேர் காத்து நின்றார்கள்.

“எம்புலே! எலியேசரு, எம்பு!”

எம்பினான். எல்லாருக்கும் மேலே அந்தக் கை போயிற்று. பந்து கையில் வந்தது. கீழே இறங்கினவன் இரண்டு எட்டு வைத்தான், நெஞ்சைப் பிடித்தான், முதுகை யாரோ குத்தின மாதிரித் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பந்து கையை விட்டு உருண்டு அவள் நின்ற கோட்டைத் தாண்டி வந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவனுக்கு வயது பத்தொன்பது.

அடக்கத்துக்குக் கூட்டம் ரோடு கொள்ளவில்லை. பெட்டி வழக்கமான அளவில் பற்றாது என்று தச்சர் கூடுதல் பலகை வைத்து அடித்துக் கொண்டுவந்தார். சர்ச் ஐயர் பேசும்போது ஆண்டவருடைய சித்தம் நமக்குப் புரியாது என்றார். வேதமணி சார் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினார். அந்த ஃபிட்னஸ் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். “பாருங்க, எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? நெஞ்சு அம்புட்டு சுத்தமா இருந்துச்சே? யாரைக் குத்தம் சொல்ல?” என்றார். ஞானபாக்கியம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐயோ பாவம், அதிர்ச்சியில் வாய் அடைத்துவிட்டது என்றார்கள். வாய் அடைக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு மாசம் கழித்து ஹாஸ்டல் பெட்டி வந்தது. சட்டை, ஷூ, பாதி பிரித்த ஒரு ரேடியோ. அடியில் எக்ஸ்ரே கவர், மேலே எலியேசர் என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெள்ளை விலா எலும்புகளுக்கு நடுவில், கைப்பிடி அளவு, கச்சிதமான இருதயம். ஒரு குறையும் இல்லை.

மில்லுக்குத் திரும்பின வாரமே எக்ஸ்ரே வேன் வந்தது. சுடலைமாடத்தி வரிசையில் இருந்து நழுவி வந்து, “மதினி, கேக்கக் கூடாதுதான், ஆனா என் பேரைக் கூப்பிடப் போறான்” என்றாள். இருமல் அவளை இரண்டாக மடக்கியது.

“உன் நெஞ்சை நீயே கொண்டுபோயிக் காட்டு.”

“மதினி!”

“காட்டுட்டி. செத்துப் போவே.”

“வேலை போனா மட்டும் வாழ்ந்திருவனா? உன் பிள்ளை போயிட்டான்னா என் பிள்ளைக வாயிலயும் மண்ணைப் போடுவியோ?” சுடலைமாடத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஞானபாக்கியம் அசையவில்லை. கடைசியில் அவள் பேரில் வேறு எவளோ புதிதாக வந்தவள் ஒருத்தி போய் நின்றாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கருத்தையா வந்தான். அடக்கத்துக்குப் பிறகு தெருமுனை வரைக்கும் பலநாள் வந்து திரும்பிப் போயிருக்கிறான். அன்றைக்கு வாசல் தாண்டி உள்ளே வந்து, கரிக்கோடுகள் போட்ட சுவருக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அத்தை, எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. அவன் பேர்ல நான் நின்னேன்லா.”

“நீ என்னய்யா செய்வே? நான் சொன்னேன், நீ நின்னே. சளின்னு சொல்லி உன்னையும் ஏமாத்துனேன். அவனையும் ஏமாத்துனேன். அது சளி இல்லைலே.” சொல்லிவிட்டாள். முதல் முதலாக ஒரு மனுஷனிடம் சொல்லிவிட்டாள். “டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு, குதிச்சாச் செத்துருவான்னு. நான் என் பிள்ளைகிட்ட மறைச்சிட்டேன்.”

கருத்தையா தலையைத் தூக்கவில்லை.

“அவனுக்குத் தெரியும் அத்தை.”

“என்னது?”

“மதுரைப் பேப்பரை டாக்டர்கிட்டக் காட்டுன மறுநாளே சைக்கிள எடுத்துட்டுப் போயி அவருகிட்டக் கேட்டுட்டான். அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. போன வருசம் லீவுல பிளவக்கல் அணைக்குப் போயிருந்தப்பத்தான் எங்கிட்டச் சொன்னான். அம்மாகிட்டச் சொல்லிறாதன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“தெரிஞ்சா... தெரிஞ்சா பொறவு ஏன்லே ஆடுனான்? கிறுக்குப் பயலா அவன்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா அத்தை? ‘டாக்டர் பெருசாச் சொல்லிப் பயமுறுத்துதாரு. நிசமாவே அப்படி இருந்தா எங்க அம்மா என்னை விடுமாலே? நான் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால அம்மா முகத்தைப் பாத்துட்டுத்தான் போறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை வந்தா அந்த நிமிசமே ஷூவைக் கழத்திருவேன். அம்மா போன்னுதான் சொல்லுது. அப்ப ஒண்ணும் ஆகாது’ன்னான்.”

கருத்தையா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தெருவில் மணியடித்துக்கொண்டு பால்கோவாக்காரன் சைக்கிள் போயிற்று.

எலியேசர் குனிந்து கயிறு கட்டுவதும், எழுவதும், போகாமல் நிற்பதும் ஒவ்வொன்றாக ஞானபாக்கியத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“மதுரைக்குப் போனபொறவு மொத்தம் எத்தனை மேட்ச்லே ஆடியிருப்பான்?”

அவன் விரல்விட்டு எண்ணினான். “நாப்பத்தொண்ணு இருக்கும் அத்தை.”

“நாப்பத்தொரு தடவை எங்கிட்டக் கேட்டிருக்கான்” என்றாள். “நாப்பத்தொரு தடவையும் நான் போன்னு சொல்லியிருக்கேன்.”